அரசர் இலச்சினையும் அணிசெய் மனையும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவிற் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தபொழுது, சிற்பநூல் மரபைப்பற்றியேனும் நம் குலத்திற் றோன்றிய புலவர்களைப்பற்றியேனும் யாம் பேசுவோமென்று எதிர்பார்த்தனர். அவ்விரண்டினையும் விடுத்துப் பாரிஸ் மாநகரத்துப் பொற்கொல்லர் பட்டறை ஒன்றன் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். "கடலுக்கு அப்பாலுள்ள பட்டறையைப்பற்றி நமக்கு என்ன?" என்று பெரியவர் ஒருவர் இப்பந்தலின் வாயிலிலேயே எம்மை நிறுத்திக் கேட்டார். நேரிய கேள்வியே. விடையைக் கதையின் போக்கிலேயே அவர் கண்டுகொள்வார் என்று நம்பி உள்ளே வந்தோம்.

2025-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணியளவில், பாரிஸிலுள்ள லூவ்ர் அரும்பொருட்காட்சிச்சாலையின் அப்பொல்லோ மண்டபத்திற் கள்வர் புகுந்தனர். வீட்டுத் தட்டுமுட்டுக்களை மாடிக்கு ஏற்றும் ஏணி பூட்டிய வண்டியொன்றைச் சுவரோரம் நிறுத்தி, சாளரத்தை அறுத்து, எட்டு அணிகலன்களைக் கவர்ந்து, எட்டு மணித்துளி செல்லுமுன் மறைந்தனர். ஒன்பதாவதாக எடுத்த முடியொன்று வழியில் நழுவி விழுந்து நெளிந்து கிடந்தது. போன பொருள்களின் மதிப்பு 8 கோடியே 80 லட்சம் யூரோ என்றனர். அவற்றுள் ஒன்று மரகத மாலை. அதனோடு சேர்ந்த காதணி ஒரு சோடி மற்றொன்று. 32 மரகதங்களும் 1,138 வைரங்களும் இழைத்த அம்மாலை, நெப்போலியன் சக்கரவர்த்தி 1810-ஆம் ஆண்டு தன் இரண்டாம் மனைவி மேரி லூயிஸுக்குத் திருமணக் கொடையாக அளித்தது.

யாம் படித்த செய்தித்தாள்களில் அணிந்தவள் பெயர் இருந்தது. கொடுத்தவன் பெயர் இருந்தது. விலை மும்முறை இருந்தது. செய்தவன் பெயரை வேறு நூல்களிற் றேடியே எடுக்கவேண்டியதாயிற்று. அவன் பெயர் பிரான்சுவா ரெஞோ நித்தோ. அவன் தந்தை மரி எத்தியென் நித்தோ 1780-ஆம் ஆண்டிற் றொடங்கிய மனையே இக்காலத்தில் 'ஷோமே' என்ற பெயரோடு நடைபெறுகின்றது.

களவு என்ற சொல்லும் பொற்கொல்லன் என்ற சொல்லும் ஓரிடத்தில் வந்தால் நம் தமிழுலகத்தில் என்ன நினைவு எழுமென்பது இவ்வவையோர்க்குத் தெரியும். சிலப்பதிகாரத்தில் ஒரு பொற்கொல்லன் சிலம்பு திருடினான். அவன் பெயரை நூல் சொல்லவில்லை, தொழிலைமட்டும் சொல்லிற்று. அவனால் விளைந்த பழிக்கு, ஆயிரம் பொற்கொல்லர் கொற்கையிற் பலியிடப்பட்டனர் என்றும் அந்நூல் கூறும். எத்தனையோ தலைமுறையாக எத்தனையோ முடியும் கவசமும் செய்த கைகளுக்கு இலக்கியத்தில் வாய்த்த பெருநினைவு இதுவாயிற்று. யாம் வகுப்பறையில் அப்பகுதியை ஆண்டுதோறும் பாடஞ் சொல்லுகின்றோம். சொல்லும்போதெல்லாம் முன்வரிசையில் இருக்கும் நம்மவர் பிள்ளைகள் எம் முகத்தைப் பார்க்கின்றனர்.

இனி இலச்சினைக்கு வருவோம். அரசனுக்குக் குடையும் கோலும்போல ஓர் இலச்சினை வேண்டும். சேரனுக்கு வில்லும், சோழனுக்குப் புலியும், பாண்டியனுக்குக் கயலும் இருந்தமை நாம் அறிந்ததே. பிரெஞ்சு தேசத்து அரசர் நெடுங்காலம் லில்லி மலரைத் தமக்கு அடையாளமாகக் கொண்டிருந்தனர். கொடியிலும், காசிலும், மேலாடையிலும், அரியணையிலும் அம்மலரே. 1789-ஆம் ஆண்டுப் புரட்சியில் அரசும் மலரும் ஒருங்கே வீழ்ந்தன. 1804-ஆம் ஆண்டிலே நெப்போலியன் சக்கரவர்த்தியாக முடிசூட விழைந்தபொழுது, பழைய அரசமரபிற் பிறவாத அவனுக்கு ஒரு புதிய இலச்சினை தேவையாயிற்று. அவையினர் சிலர் சேவலைச் சொல்ல, அவன் அதனை ஏற்கவில்லை. கழுகைத் தெரிந்துகொண்டான், அதனோடு தேனீயையும் சேர்த்துக்கொண்டான்.

தேனீ ஏன்? இதன் கதை மிகச் சுவையுடையது. ஆதலின் இவ்விடத்திற் சற்றுத் தங்கிச் செல்லுவோம்.

1653-ஆம் ஆண்டு மே மாதத்தில், இக்காலத்துப் பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த தூர்னே என்னும் ஊரில், அதிரியேன் கென்கேன் என்னும் கொற்றன் ஒருவன் கட்டட வேலைக்காக நிலத்தை அகழ்ந்தான். மண்ணுக்குள்ளிருந்து பொற்காசுகளும், வாளும், பொன்னணிகளும் வெளிப்பட்டன. அவற்றிடையே ஓர் இலச்சினை மோதிரமும் இருந்தது. அம்மோதிரத்தில் அரசன் உருவமும் சில்தெரிக் என்னும் அவன் பெயரும் வெட்டப்பட்டிருந்தமையால், அஃது ஏறத்தாழ 481-ஆம் ஆண்டில் இறந்த பிராங்கு அரசனது புதைகுழியென்று துணிந்தனர். பன்னூறாண்டு மண்ணில் மறைந்த அரசனை, அவனுடைய மோதிரத்தைச் செதுக்கிய பொற்கொல்லனே மீட்டுக் கொடுத்தான் என்று நாம் கூறிக்கொள்ளலாம்.

அக்குழியில் ஏறக்குறைய 300 பொற்றேனீக்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் நகத்தளவே, சிறகுகளிற் செந்நிறக் கல் அறுத்துப் பதித்தவை. அரசன் மேலாடையில் தைக்கப்பட்டனவோ, குதிரையின் அலங்காரத்திற் கோக்கப்பட்டனவோ என்பதில் அறிஞர் மாறுபடுவர். தேனீயல்ல, சில்வண்டே என்பாரும் உளர். அவற்றைச் செய்தவன் பெயர் எவர்க்குந் தெரியாது.

அப்பகுதியை ஆண்ட ஸ்பானிய ஆளுநரின் மருத்துவராகிய ஷிஃப்லே என்பார், அப்பொருள்கள் அனைத்தையும் அளந்து, ஓவியம் வரைவித்து, செப்புத்தகட்டில் வெட்டி அச்சிட்டு, 1655-ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். லில்லி மலர்ச் சின்னமே இத்தேனீயின் உருத்திரிபு என்பது அவர் கொள்கை. அக்கொள்கை நிற்பதன்று. ஆயினும் அவர் செய்த அச்சுப்படங்கள் நின்றன. பின்னர் அப்பொன்னெல்லாம் பதினான்காம் லூயி மன்னனுக்குக் கொடையாகச் சென்று, பாரிஸ் நூல்நிலையத்திற் கிடந்தது. 1831-ஆம் ஆண்டு நவம்பரில் ஓரிரவு கள்வர் புகுந்து அவற்றை எடுத்துச் சென்றனர். பெரும்பகுதி உருக்கப்பட்டது, எஞ்சியதைத் தோற்பையிலிட்டு ஆற்றில் எறிந்திருந்தனர். முந்நூறு தேனீக்களுள் இரண்டே மீண்டன. மோதிரமும் போயிற்று. இன்று அப்புதையலைப்பற்றி உலகம் அறிவதிற் பெரும்பகுதி அம்மருத்துவர் வரைவித்த படங்களாலேயே அறிவது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

தனக்குமுன் ஆண்ட லில்லி மலர் அரசரினும் பழையதோர் அரசமரபைத் தொட்டுக்கொள்ள விரும்பிய நெப்போலியனுக்கு இத்தேனீ மிகவும் இசைந்தது. 1804-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நோத்ர தாம் கோயிலில் அவன் முடிசூடியபோது, செம்பட்டு மேலாடை முழுதும் பொன்னிழைத் தேனீக்கள் மொய்த்திருந்தன. இலச்சினை ஆயிற்று; அதனைப் பொன்னிலும் மணியிலும் வார்க்கக் கைவல்லோர் வேண்டுமன்றோ? அப்பணியில் முன்னின்றோருள் ஒருவர் மூத்த நித்தோ.

இவர் முந்திய அரசியாகிய மரி அந்துவானெத்தின் அணிகலன் வினைஞரான ஒபேர் என்பாரிடம் தொழில் பயின்றவர். அரசியை வாளுக்கு இரையாக்கிய புரட்சியையும் கடந்து உயிரோடிருந்தார். 1802-ஆம் ஆண்டில் நெப்போலியனுக்கு ஓர் உடைவாள் செய்வதிற் பங்குகொண்டார். ஓதியோ என்னும் பொற்கொல்லரும், பூத்தே என்னும் படைக்கலக் கம்மியரும், நித்தோவும் கூடிச் செய்த வாள் அது. அதன் கைப்பிடியிற் பதித்த வைரத்தின் பெயர் 'ரீஜெண்ட்'. எடை 140 காரட்டுக்கு மேல்.

அவ்வைரம் பாரிஸுக்குப் போனது நம் சென்னை வழியாக! கிருஷ்ணையாற்றங்கரையில், கொல்லூர்ச் சுரங்கத்தில் எடுக்கப்பட்ட கல் அது. எடுத்த அடிமையொருவன் தன் காற்புண்ணுக்குள் மறைத்துக்கொண்டு ஓடினான் என்றும், கப்பற்றலைவன் ஒருவன் அவனைக் கொன்று கல்லைக் கவர்ந்தான் என்றும் ஒரு கதை வழங்குகின்றது, கதையாகவே கொள்க. சென்னைச் செயிண்டு ஜார்ஜு கோட்டையின் கவர்னராக 1698 முதல் 1709 வரை இருந்த தாமஸ் பிட் என்பவர், சாம்சந்து என்னும் வைர வணிகரிடம் 48,000 வராகன் கொடுத்து அதனை வாங்கினார். வெட்டாத கல் 410 காரட்டு. இலண்டனில் இரண்டாண்டு இருந்து பட்டை தீட்டினர். 1717-ஆம் ஆண்டு பிரெஞ்சு தேசத்தின் ஆட்சிக்காவலராயிருந்த ஓர்லியன்ஸ் கோமகன் அதனை 1,35,000 பவுனுக்கு வாங்கினார். ஆட்சிக்காவலரை அவர்கள் 'ரீஜெண்ட்' என்பர்; கல்லுக்கும் அப்பெயரே ஆயிற்று. தோண்டினவனுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை, பெயருமில்லை.

1792-இல் அக்கல்லைக் கள்வர் கொண்டுபோயினர். மறு ஆண்டு ஒரு மாடியின் கூரை மரத்துளையினின்றும் மீண்டது. பின் படைச்செலவுக்காக அடகுக் கடைக்கும் போய்வந்தது. நம் வீடுகளிலுள்ள அட்டிகைகள் காணாத துயரமொன்றும் அரசர் வைரமும் கண்டதில்லை என்று அறிக. அடகிலிருந்து மீட்டு வாளில் ஏற்றியவன் நெப்போலியன். பின்னர் அது லூவ்ர் மண்டபத்தில் வைக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டுக் களவில் அகப்படாமற் றப்பியது.

முடிசூட்டு விழாவிற்கு வந்த ஏழாம் பயஸ் என்னும் போப்பாண்டவருக்கு நெப்போலியன் ஒரு மும்முடி செய்வித்து 1805-ஆம் ஆண்டில் அனுப்பினான். ஒகுஸ்து என்பவரும் நித்தோவும் செய்த அம்முடியின் உச்சியில் 400 காரட்டுக்கு மேற்பட்ட மரகதம் ஒன்று நிறுத்தப்பட்டது. அம்முடி ஏறக்குறைய எட்டுக் கிலோ எடையுடையது. முதிய போப்பாண்டவர் தலையிற் றாங்கத்தக்கதன்று. முடியைச் சுற்றிலும் சக்கரவர்த்தியின் புகழ் விளங்குமாறு சிற்பப் பலகைகள் வேறு. கொடை என்ற பெயரால் ஒருவன் தன் இலச்சினையைப் பிறன் தலையில் ஏற்றுவது இவ்வாறுதான் போலும்! கம்மியனுக்கு இதில் என்ன செய்யமுடியும்? எடையைப்பற்றி ஒரு சொல்லேனும் சொல்லியிருப்பான் என்றே எமக்குத் தோன்றுகின்றது. எடையைப்பற்றிச் சொல்லாத தட்டார் உலகில் எங்குமிலர்.

மூத்த நித்தோ 1809-இல் மறைய, மகன் பட்டறையை ஏற்றான். அடுத்த ஆண்டே சக்கரவர்த்தியின் இரண்டாந் திருமணம்; மரகத மாலையும், காதணியும், தலைமாலையும் அப்போது பிறந்தவையே. 1811-ஆம் ஆண்டில் ஒன்பது கோதுமைக்கதிர்கள் காற்றில் அசைவனபோல வைரம் இழைத்த தலைமாலையொன்றும் அப்பட்டறையிற் பிறந்தது. கதிர் அவர்களது பழைய தானியத் தேவதையின் சின்னம். வளத்திற்கும் மகப்பேற்றிற்கும் அடையாளம். எம்மைப்போன்ற தமிழாசிரியர் பெரிதும் வியக்கத்தக்கது வேறொன்று. திருமண ஆண்டாகிய 1810-இல் மூன்று கைவளைகள் செய்தனர். அவற்றில் மணிகளின் பெயர்களது முதலெழுத்துக்கள் வரிசையாகக் கூடி ஒரு செய்தியைச் சொல்லும். அமெதிஸ்து என்னும் கல் 'அ' என்பதற்கும், மரகதம் அவர்கள் மொழிப்படி 'எ' என்பதற்கும் நிற்கும். ஒரு வளை நெப்போலியன் பெயரையும் பிறந்த நாளையும் சொல்லும். மற்றொன்று மேரி லூயிஸின் பெயரையும் பிறந்த நாளையும். மூன்றாவது அவ்விருவரும் கண்ட நாளையும் மணந்த நாளையும். நம் புலவர் சித்திரகவி பாடினர். அவர் கல்லாலே பாடினர்.

1815-ஆம் ஆண்டில் நெப்போலியன் வீழ்ந்தான். தேனீக்கள் அகற்றப்பட்டன, லில்லி மலர் மீண்டும் ஏறிற்று. இளைய நித்தோ மனம் ஒடிந்து தொழிலினின்றும் விலகினான். இவ்விடத்தே யாம் இந்த அவையின் கவனத்தைச் சிறப்பாக வேண்டுகின்றோம். அவன் பட்டறையை எவரிடம் ஒப்படைத்தான்? தன் பட்டறைத் தலைவனாக வேலை செய்துவந்த ஃபொஸ்ஸேனிடம். ஃபொஸ்ஸேனும் அவன் மகனும் நடத்தினர். அவர்களிடம் பட்டறைத் தலைவராயிருந்தவர் மோரெல். அவர் இலண்டனிற் கிளை நடத்தி விக்டோரியா அரசியின் ஆதரவையும் பெற்றார். அவர் மகன் பிரொஸ்பேர் மோரெல் பாரிஸ் மனையை ஏற்றார். அவருக்கு மருகராக வாய்த்தவர் போர்தோ நகரிலிருந்து வந்த ஜோசப் ஷோமே. 1885-ஆம் ஆண்டிலே பொறுப்பேற்ற அவர் பெயரே மனைக்கு இன்றளவும் வழங்குகின்றது. தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றதும் உண்டு. முதலாளியிடமிருந்து தொழிலாளிக்குச் சென்றதும் உண்டு. மாமனிடமிருந்து மருகனுக்குச் சென்றதும் உண்டு. தொடக்கியவனது குருதி இரண்டாந் தலைமுறையோடு ஒழிந்தது. கைத்திறம் ஒழியவில்லை.

அரசமரபுகளின் கதியையும் ஒருவாறு சொல்லிவிடுவோம். லில்லி மலர் 1830-இல் மீண்டும் சாய்ந்தது. 1852-ஆம் ஆண்டில் மூன்றாம் நெப்போலியனோடு தேனீ திரும்பி வந்து, 1870-இல் அவனோடே சென்றது. அதன்பின் குடியரசு. முடிகளை வைத்திருந்தால் முடிசூட ஒருவன் வருவானென்று அஞ்சியோ என்னவோ, 1887-ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசாங்கமே அரசமணிகளை ஏலத்தில் விற்றது. வாங்கினோர் வணிகர்; பல பிரிக்கப்பட்டுச் சிதறின. ரீஜெண்ட் முதலிய சிலவே ஏலத்திற்குத் தப்பி நின்றன.

ஜோசப் ஷோமே கல் ஆய்வுக்கூடமும் நிழற்படக்கூடமும் பட்டறையோடு சேர்த்து அமைத்தவர். 1907-ஆம் ஆண்டில் பிளாஸ் வாந்தோம் சதுக்கத்தின் 12-ஆம் இலக்க மாளிகைக்குக் குடிபுகுந்தார். சோப்பேன் என்னும் இசைப்புலவர் 1849-இல் உயிர்நீத்த மாளிகை அது. ஐரோப்பிய அரசர் குறைந்த காலத்தில் நம் நாட்டு அரசர் அவ்வாயிலை மிதித்தனர். இந்தூர் மகாராஜா மூன்றாம் துக்கோஜிராவ் ஹோல்கர் 1913-ஆம் ஆண்டில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 47 காரட்டு எடையுள்ள பேரிக்காய் வடிவ வைரம் இரண்டை அங்கே வாங்கினார். கோல்கொண்டா நாட்டுக் கற்கள். பாரிஸ் சென்று நம் நாட்டரசரிடமே விலைக்கு வந்தன! இதனைப்பற்றி வருந்துவதா நகைப்பதா என்பதை அவையோர்க்கே விட்டுவிடுகின்றோம்.

அம்மனைக்கும் இறக்கம் வந்தது. 1987-ஆம் ஆண்டில் ஜோசப்பின் வழிவந்த சகோதரர் இருவர் காலத்திற் கடன் மீறி முறிந்தது. பிறர் கைக்கு மாறி, 1999-ஆம் ஆண்டில் எல்.வி.எம்.எச். என்னும் பெருங்குழுவிற் சேர்ந்தது. இக்காலத்தே அம்மனையார் தேன்கூட்டின் அறுகோண வடிவில் மோதிரங்கள் செய்து விற்கின்றனர். சக்கரவர்த்தி இல்லை, அவன் முடியில்லை, ஆட்சியில்லை. அவன் தேனீ வினைஞர் மனையில் வாழ்கின்றது.

இத்தனை வீழ்ச்சிக்கும் கைமாற்றத்திற்கும் இடையில் எதனாற் றொடர்ச்சி அறாது நின்றது என்று யாம் ஆராய்ந்தோம். செல்வத்தால் அன்று, அது 1987-இல் தீர்ந்தது. அரசர் ஆதரவாலும் அன்று. அது அடிக்கடி தீர்ந்தது. குருதியாலும் அன்றென்று கண்டோம். அவர்கள் வரைபடங்களை எறியவில்லை. நித்தோ காலந்தொட்டுப் பல பதினாயிரம் வரைபடங்கள் பட்டறையிற் காக்கப்பட்டுள. தலைமாலை செய்யுமுன், செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்த ஜர்மன் வெள்ளியில் முழு அளவு மாதிரி வெட்டி, கல் வருமிடத்தில் வண்ணந்தீட்டி, அணிவோர் தலையில் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். நகை விற்றபின்னும் மாதிரியைச் சுவரில் மாட்டி வைத்தனர். அவ்வாறு நூற்றுக்கணக்கான மாதிரிகள் இன்றும் உள. பொன் போயிற்று, வைரம் போயிற்று, அணிந்தவள் சாம்பலாயினாள். தகட்டு மாதிரி சுவரிலே இருக்கின்றது.

மரகத மாலையோடு பிறந்த தலைமாலைக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். மேரி லூயிஸின் உறவினர் வழியாக வந்த அதனை 1953-ஆம் ஆண்டில் மற்றொரு நகைமனையார் வாங்கினர். மரகதங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, "நெப்போலியன் கொடுத்த மணி" என்று விளம்பரம் செய்து தனித்தனி நகைகளிலிட்டு விற்றனர். வெற்றிடங்களில் 79 பச்சைநீல பேரோசைக் கற்களைப் பதித்தனர். அவ்வுருவிலேயே அஃது 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் காட்சிச்சாலைக்குக் கொடையாகச் சென்றது. மாலையும் காதணியுமோ மரகதங்களோடு 2004-ஆம் ஆண்டில் லூவ்ருக்கு வந்து, 2025-இல் களவாடப்பட்டன. எனினும் எத்தனை மரகதம், எத்தனை வைரம், எவன் செய்தான், எந்த ஆண்டு என்பதெல்லாம் எழுத்திலுள. கள்வன் கல்லைப் பிரித்தாலும் அந்த எழுத்தைப் பிரிக்கவியலாது.

வாயிலிலே எம்மை நிறுத்திய பெரியவர் இப்பொழுது எமக்கு விடையிறுப்பாராக. நம்மவர் செய்த பொருள்களுக்கு அப்படியோர் எழுத்து எங்கே இருக்கின்றது?

எம் பாட்டனார் பட்டறையில் இருந்தவர். அவர் எம் பாட்டியாருக்குச் செய்து போட்ட பாம்படத்தை எம் இளமையிற் கண்டிருக்கின்றோம். உள்ளே அரக்குப் பெய்து, உருண்டையும் சதுரமும் முக்கோணமுமாக அடுக்கி, கணக்கிற் புலி ஒருவர் கோடிட்டதுபோல் இருக்கும். எம் தமக்கையார் திருமணத்தின்போது அதனை அழித்துச் சங்கிலி செய்தனர். அழித்துச் செய்தல் நம் நாட்டு வழக்கம். அதனைக் குறைகூற யாம் வரவில்லை. ஏழை வீட்டில் நகை என்பது கழுத்திற் கிடக்கும் சேமிப்பு. வேண்டும்பொழுது உருகத்தான் வேண்டும். தமக்கையார் வாழ்வு அச்சங்கிலியாற் றொடங்கியது, நன்றே. ஆனால் உருக்குமுன் ஒரு தாளில் அதன் உருவை வரைந்துகொள்ள எவருக்கும் தோன்றவில்லை. அப்போது யாம் பென்சில் பிடிக்கத் தெரிந்த சிறுவனே. எமக்கும் தோன்றவில்லை. பாட்டனார் அதனை எவ்வளவு தகட்டில் அடித்தார், எத்தனை துண்டாகப் பொடிவைத்து ஊதினார் என்று கேட்க இப்போது ஆளில்லை.

ஆகவே, நம் சங்க நூல்நிலையத்தில் ஒரு பேரேடு திறக்கப்பட வேண்டும் என்று செயற்குழுவினிடம் எழுதிக் கேட்டோம், அவர்களும் இசைந்தனர். பழைய நகைகளின் வரைபடம், அளவு, எடை, வேலைமுறை, செய்தவர் பெயர் ஆகியன அதில் ஏறும். எடுத்த ஊரும் ஆண்டும் தெரிந்தவரை எழுதப்படும்.

ஒரு பொருளில் மட்டும் செயற்குழுவில் மாறுபாடு எழுந்தது. அதனை மறையாது இங்கே சொல்லிவிடுகின்றோம். செய்தவர் பெயர் என்ற இடத்தில் நம் குலத்தார் பெயரையே எழுதவேண்டும் என்று சிலர் கருதினர். நம் பட்டறைகளில் இன்று கம்பி இழுப்பவரும், மெருகிடுவோரும், கல் இழைப்போரும் பல குலத்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். சிறுவனாய் வந்து, குமுட்டிக்குக் கரி போட்டு, தரை கூட்டித் தூசியில் பொன் அரித்து, இருபதாண்டில் நம் பிள்ளைகளினும் கைதேர்ந்தவரும் அவருள் இருக்கின்றனர். நம் பிள்ளைகளோ யாம் உட்பட வேறு வேலைக்குப் போய்விட்டோம். ஃபொஸ்ஸேன் நித்தோவின் குருதியல்லன். அவனை ஒதுக்கியிருந்தால் அம்மனையின் கதை 1815-லேயே முடிந்திருக்கும். யாமும் இன்று பேசுதற்குப் பொருளின்றி அமர்ந்திருப்போம். எவர் கை செய்ததோ அவர் பெயரே ஏட்டில் ஏறவேண்டும் என்பது எம் வேண்டுகோள். சிலம்பு திருடியவனைத் தொழிலாற் குறித்துப் பெயரால் குறியாது விட்ட துன்பத்தை நாம் அறிவோம். அதே துன்பத்தைப் பிறர்க்கு நாம் செய்தல் தகுமோ என்பதைப் பெரியோர்கள் எண்ணிப்பார்த்து, அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்ப்புக் கூறுவார்களாக. எம்மோடு மாறுபடுவோர்மீது எமக்கு மனத்தாங்கல் சிறிதுமில்லை.

ஏடு எவ்வாறு முடிவாயினும், பணி தொடங்கலாம். வருகின்ற தைத்திங்கள்முதல் ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிமுதல் பன்னிரண்டு மணிவரை யாமும், எம் பள்ளி ஓவிய ஆசிரியரும் சங்கக் கட்டடத்தில் இருப்போம். தாய்மார்கள் தம் வீட்டிலுள்ள பாம்படம், தண்டட்டி, வங்கி, சடைநாகம், ராக்கொடி, காசுமாலை எதுவாயினும், அழிக்கக் கொடுப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை கொண்டுவந்து காட்டுக. உடனிருந்தே திரும்பப் பெற்றுச் செல்லலாம். தராசும் எழுதுகருவியும் யாம் கொண்டுவருவோம். செய்தவர் பெயர் நினைவுள்ள முதியோரையும் கைபிடித்து அழைத்து வருக.